செத்தவீட்டுப் பக்கத்தில் எழுதிய பெயர்

விவிலியத்தில் சவிரிமுத்து என்ற பெயரில் ஒருவரும் இல்லை. இதைத் தன்னுடைய கைபேசியில் தேடி உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் நிரோஜினி என்னிடம் வந்தாள். எனக்குப் பிறகு எங்கள் கோயில் பங்கில் மறையாசிரியர் வேலையை ஏற்றிருப்பவள் அவள். இரண்டு பிள்ளைகளின் தாய், கெட்டிக்காரி. ஓய்வு பெற்றபோது என்னுடைய பழைய வசனக் கொப்பியை அவளிடம் கொடுத்திருந்தேன். அவளுக்கு அது தேவையே இல்லை. 'துக்கம்' என்று கைபேசியில் தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் வசனங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. இருந்தாலும் கிழவனின் மனம் நோகக்கூடாது என்று ஒரு நாள் புரட்டிப் பார்த்திருக்கிறாள்.

'செத்தவீடு' என்று தலைப்பிட்ட பக்கத்தில், யோபு நூலிலிருந்து எடுத்த ஒரு வசனத்தின் ஓரத்தில், நீலப் பென்சிலால் எழுதியிருந்தது அவள் கண்ணில் பட்டது. "சொன்னவர் எலிப்பாசு. மன்றாடியவர் சவிரிமுத்து."

"எலிப்பாசு ஆரெண்டு தெரியும் ஐயா. மற்றவர் ஆர்?" என்று கேட்டாள்.

வாயால் சொல்லிவிடலாம் என்றுதான் தொடங்கினேன். முப்பது வருடம் வாயால் பிழைத்தவன் நான். ஆனால் இரண்டாவது வசனத்திலேயே நிறுத்திவிட்டேன். எழுதித் தருகிறேன் பிள்ளை, என்று அனுப்பிவிட்டேன்.

மறையாசிரியரை உபதேசியார் என்று கூப்பிட்ட காலம் என்னுடையது. நான் உபதேசியாரானது படிப்பால் அல்ல, குரலால். முல்லைத்தீவுக் கரையில் காற்று இரைகிற நாளிலும் கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற தொண்டை எனக்கு. பாதர் மாதத்தில் ஒன்றோ இரண்டோ ஞாயிறுதான் எங்கள் பக்கம் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது, நோயில் படுத்த வருத்தக்காரரைப் போய்ப் பார்ப்பது, தோணியும் வலையும் மந்திரிக்கிற நாளில் தீர்த்தச் செம்போடு பாதருக்குப் பக்கத்தில் நிற்பது, செத்தவீட்டில் வாசிப்பது எல்லாம் உபதேசியாரின் தலையில்.

எனக்கு முன்னிருந்த உபதேசியார் வேலையை ஒப்படைத்தபோது ஒரு கொப்பியையும் தந்தார். அவருக்கும் அது முன்னிருந்தவர் தந்ததுதான். கலியாணம், வருத்தம், தோணி, வலை, புயல், செத்தவீடு என்று தலைப்புகள் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் வசனங்களை அழகான எழுத்தில் எழுதியிருந்தார்கள். இது கையில் இருந்தால் ஒரு வீட்டிலும் திணறமாட்டாய் என்றார். அவர் சொன்னது உண்மை, நான் ஒரு வீட்டிலும் திணறவில்லை. கொப்பியில் வசனம் இருந்தது. அதிகாரமும் எண்ணும் இருந்தன. அதைச் சொன்னவர் யார் என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. இல்லை என்பதைப் பல வருடங்களாக நான் கவனிக்கவும் இல்லை.

தொண்ணூற்றிரண்டு வாக்கில் சிஸ்ரர் பெனடிக்ரா எங்கள் பகுதிக்கு வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைந்தவர். மடத்தில் சேர முன்னர் கணிதம் படிப்பித்தவராம். அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் முறிந்து போயிருந்தது. வேறு வாங்க வழியில்லாத காலம், ஆகவே செப்புக் கம்பியால் கட்டியிருந்தார். பங்குகளிலிருந்து பதினைந்து பேரைச் சேர்த்து, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு விவிலியம் வாசிக்கப் படிப்பிக்கப் போவதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கடற்கரைக்காரனுக்கு நீந்தப் படிப்பிக்க வந்திருக்கிறார் என்று மனைவியிடம் நக்கலடித்தேன்.

முதல் நாள் ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஈர்க்குத் தந்தார். விளக்குமாற்றிலிருந்து உருவியதுதான். பேச விரும்புகிறவர் தான் சொல்லப்போவது எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியின் கீழே ஈர்க்கை வைக்க வேண்டும். வைக்க வரி இல்லையென்றால் பேச்சும் இல்லை. வகுப்பின் சட்டம் அவ்வளவுதான். சிஸ்ரர் ஒருவரையும் பிழை என்று சொல்லமாட்டார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "எந்த வரியில கிடக்கு?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்வியை நான் வெறுத்த அளவுக்கு வேறெதையும் வெறுத்ததில்லை.

இயேசு பிறந்த நத்தார்க் கதையை வாசித்துவிட்டு அதில் இருப்பதை எழுதச் சொன்ன நாள் நினைவிருக்கிறது. நான் முதலில் எழுதியது, மூன்று ராசாக்கள் வந்தார்கள் என்பது. கண்ணாடி மேலே போனது. கேள்வி வந்தது. ஈர்க்கை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்று இருந்தது. காணிக்கைகள் மூன்று இருந்தன. ராசாவும் இல்லை, ஆட்கள் மூன்று பேர் என்ற கணக்கும் இல்லை. நானோ கோயில் நாடகத்தில் பொற்தாள் முடி வைத்து ஒன்பது வருடமாக ராசாவாக நின்றவன். அதைச் சொன்னேன். சிஸ்ரர் சிரிக்காமலே, "இந்த வருசமும் நில்லுங்கோ உபதேசியார். கிடக்கிறது எது, நாங்கள் கொண்டுவந்தது எது எண்டு தெரிஞ்சுகொண்டு நில்லுங்கோ" என்றார்.

அதுதான் அவருடைய முறையின் நடுத்தண்டு. வெறும் தாள் கிடைக்காத காலம். கடைகளில் கேட்டு வாங்கிய மட்டைப் பெட்டிகளை விரித்து, உட்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போடுவோம். இடப்பக்கம் 'கிடக்கிறது', வலப்பக்கம் 'நாங்கள் கொண்டுவந்தது'. முதலில் யார் பேசுகிறார், யாரோடு பேசுகிறார் என்று எழுத வேண்டும். பிறகு அந்த வரிக்கு முன்னால் பத்து வரியும் பின்னால் பத்து வரியும் வாசிக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் இன்றைக்கு எங்களுக்கு இது என்ன சொல்கிறது என்று வாய் திறக்கலாம். நான் பழகியதோ தலைகீழ் வழி. முதலில் வாய் திறக்கும், வரி பிறகு வரும்.

வலப்பக்கத்தை அவர் குப்பை என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடலில் புயல் அடிக்க இயேசு படகின் பின்பக்கத்தில் தூங்கிய கதையைப் படித்தபோது, எங்கள் வகுப்பிலிருந்த, சொந்தத் தோணி வைத்திருந்த ஒரு சம்மாட்டி, பின்பக்கம் சுக்கான் பிடிப்பவனின் இடம், அங்கே படுத்தால் அவனுடைய கால் பட்டுக்கொண்டே இருக்கும் என்றார். சிஸ்ரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதை வலப்பக்கத்தில் தன் கையாலேயே எழுதினார். நல்ல சாமான், ஆனால் எங்கடை சாமான், அதை மறக்காட்டிச் சரி என்றார்.

மூன்று நாலு வருடம் இப்படிப் போனது. எனக்கும் நன்றாக வந்தது. சிஸ்ரர் இல்லாத நாட்களில் வகுப்பை நடத்துமளவுக்கு வந்தது. ஆனால் ஒரு களவு செய்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். வசனக் கொப்பியை அவருக்கு நான் ஒருநாளும் காட்டவில்லை. ஈர்க்கும் மட்டையும் சனி ஞாயிறுக்கு, கொப்பி மற்ற நாட்களுக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டேன். செத்தவீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு பத்து வரி முன்னால் பத்து வரி பின்னால் என்று யார் நிற்பது என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன்.

தொண்ணூற்றாறில் சண்டை வர, கரையை விட்டு எல்லோரும் உள்ளே போனோம். நடந்தும் உழவு இயந்திரப் பெட்டியில் தொற்றியும் மல்லாவிப் பக்கம் வந்து சேர்ந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து எப்போதோ குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்துகொண்டிருந்த கந்தையா என்ற சைவக்காரர் தன்னுடைய மேட்டுக்காணியை எங்களுக்கு விட்டார். நாற்பது குடும்பம் கொட்டில் போட்டோம். நடுவில் ஒரு ஓலைக் கிடுகுக் கொட்டில் கோயிலானது. நான் இடுப்பில் கட்டிக் கொண்டுவந்த சாமான் பொலித்தீனில் சுற்றிய அந்தக் கொப்பி. தன்னுடைய சீலைப்பெட்டி கரையில் கிடக்க இது வந்ததைப் பார்த்த என் மனைவி, அதுக்குச் சமைக்கவும் தெரிஞ்சிருந்தால் என்னைக் கட்டியிருக்க மாட்டியள் என்றாள்.

சவிரிமுத்து எங்கள் கொட்டிலுக்கு நாலாவது கொட்டில். நாற்பது வயதிருக்கும். கரையில் பத்துப் பேரின் வேலையை ஒருவராகச் செய்த மனிதர், மல்லாவிக்கு வந்த புதிதில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தார். காட்டுக்குள் கடல் இல்லையே. பிறகு ஒரு வீச்சுவலை தேடி எடுத்து, குளத்தில் இறங்கி, யப்பான் மீன் பிடித்து மல்லாவிச் சந்தைக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். கடல்காரன் குளத்து மீன் விற்கிறான் என்று மற்றவர்கள் பகிடி விட்டாலும், அந்த வலையால் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. மனைவி திரேசம்மா. மூத்தவள் சுகந்திக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு ஆறு.

அடுத்த வருடம் மலேரியா கொட்டில் கொட்டிலாக வந்தது. மருந்துக் குளிசை கிடைப்பதும் கிடைக்காததும் அதிர்ஷ்டம். உயிர்த்த திருநாளான பாஸ்குவுக்குப் பிறகு வந்த ஒரே கிழமையில், ஏழே நாளுக்குள், மூன்று செத்தவீடுகளில் வாசித்தேன். மூன்றாவது சுகந்தி. காய்ச்சல் விட்டு எழும்பியிருந்த பிள்ளை, திரும்பப் படுத்தாள், தலைக்கு ஏறி முடிந்துவிட்டது.

நான் களைத்துப்போயிருந்தேன் என்பதைச் சாட்டாகச் சொல்லவில்லை. கொப்பியை விரித்தேன். செத்தவீட்டுப் பக்கத்தில் முந்திய இரண்டு வீடுகளிலும் வாசிக்காத வசனமாக ஒன்றைத் தேடினேன். கடவுள் திருத்துகிற மனிதன் பேறு பெற்றவன், காயப்படுத்துபவரும் அவரே, காயத்தைக் கட்டுபவரும் அவரே என்ற பொருளில் வருகிற யோபு நூல் வசனம் அகப்பட்டது. காயம் கட்டுவது என்றால் ஆறுதல்தானே என்று நினைத்தேன். என்னுடைய தொண்டை முழுவதையும் போட்டு வாசித்தேன். சவிரிமுத்து ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வார்த்தை மனதில் பட்டுவிட்டது என்று நான் திருப்திப்பட்டேன். மனதில் பட்டதென்னவோ சரிதான்.

மூன்று கிழமை கழித்துத் திரேசம்மா வந்தார். சவிரிமுத்து கோயிலுக்கு வராததை நான் கவனித்திருந்தேன், துக்கம் என்று விட்டிருந்தேன். திரேசம்மா நின்றபடியே சொன்னார்.

"நீங்கள் வாசிச்ச வசனத்தைத்தான் ஒவ்வொரு நாளும் சொல்லுறார் உபதேசியார். வலையைத் தொடுறாரில்லை. தொட்டால் ஆண்டவர் சின்னவனையும் எடுத்துப்போடுவாராம்."

காரணத்தையும் அவரே சொன்னார். சுகந்திக்கு முதல் காய்ச்சல் விட்ட நேரம் வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மீன் தின்னவேண்டும் போலக் கிடக்கு அப்பா என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்குப் பெரிய வெள்ளி, இயேசு சிலுவையில் மரித்த நாள். எங்கள் கரையில் அந்த நாளில் ஒருவரும் வலை தொடமாட்டார்கள். தோணி எல்லாம் கரையேறிக் கிடக்கும், பஞ்சம் என்றாலும் கிடக்கும். சவிரிமுத்து விடிய முன் ஒருவருக்கும் தெரியாமல் குளத்துக்குப் போய் நாலு மீன் பிடித்து வந்தார். பிள்ளை ஆசையாகத் தின்றாள். பன்னிரண்டாம் நாள் அவள் செத்தாள். அதற்குப் பிறகு நான் போய், கடவுள் திருத்துகிறார் என்று அவருடைய முற்றத்தில் நின்று உரத்து வாசித்தேன்.

வலை கொட்டிலின் முன் கப்புத் தடியில் தொங்கியது. சந்தைக்குப் போக மீன் இல்லை. நிவாரண அரிசியில் கஞ்சி ஒரு நேரம். சின்னவனுக்கும் காய்ச்சல் வந்து போயிருந்தது. திரேசம்மாவுக்கு என்னிடம் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வார்த்தைக்கு மருந்து வார்த்தையில்தான் இருக்கும் என்று நம்பி வந்திருந்தார்.

அன்றே போனேன். போய் இன்னும் கெடுத்தேன். கடவுள் மன்னிக்கிறவர் சவிரி, என்றேன். அவர் என்னைப் பாராமல், அப்ப குற்றம் எண்டது சரிதானே என்று கேட்டார். கொப்பியைப் புரட்டிக்கொண்டே என் கொட்டிலுக்கு வந்தேன்.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிஸ்ரரிடம் போனேன். அவரும் மற்றொரு சிஸ்ரரும் மூன்று மைல் கட்டைக்கு அப்பால் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கொப்பியை முதல்முறையாக அவருடைய கையில் வைத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி என்னிடம் நீட்டினார். விவிலியத்தையும் தந்தார்.

யார் பேசுகிறார் என்று கேட்டார். கடவுளின் வார்த்தை என்றேன். யார் பேசுகிறார் என்று மறுபடியும் கேட்டார், அதே குரலில். ஈர்க்கை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். பத்து வரி போதவில்லை. ஒரு அதிகாரம் முழுவதும் பின்னே போன பிறகுதான் பெயர் வந்தது. எலிப்பாசு. யோபுவைத் துக்கம் விசாரிக்க வந்த கூட்டாளிகளில் ஒருவன். குற்றமில்லாதவன் எவன் அழிந்தான் என்று பிள்ளைகளைப் பறிகொடுத்த மனிதனிடம் கேட்கிறவன். இனி முன்னோக்கிப் பத்து வரி வாசியுங்கள் என்றார் சிஸ்ரர். வாசித்தேன். உன் பிள்ளைகள் பெருகுவதைக் காண்பாய் என்று அதே எலிப்பாசு சொல்கிறான். பத்துப் பிள்ளைகளைப் புதைத்து ஏழு நாள் கழித்து.

சிஸ்ரர் ஒரு சொல்லும் ஏசவில்லை. சுளகைத் திரும்ப மடியில் எடுத்தார். வந்து சவிரிமுத்துவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார். வாசித்தது நீங்கள், நீங்களே போக வேண்டும் என்றார். அப்படியானால் இந்த வசனம் பிழை, கூட்டாளி சொன்னது என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். நேற்று ஒரு வரியை நம்பச் சொன்னீர்கள், இன்று நம்பாதே என்று சொன்னால் அவர் ஏன் கேட்க வேண்டும்? முதல் வரியிலிருந்து முழுவதையும் வாசியுங்கள், யார் பேசுவது என்று அவரே கண்டுபிடிக்கட்டும், முடிவை முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம் என்றார். பிள்ளை ஏன் செத்தாள் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

"ஏன் எண்டு இந்தப் புத்தகத்தில இல்லை. எனக்கும் தெரியாது. இல்லாததைப் போட்டு நிரப்பிப்போடாதேங்கோ உபதேசியார்."

புறப்படும்போது ஒன்று சேர்த்துச் சொன்னார். அந்தக் கூட்டாளிகள் வந்தவுடன் ஏழு நாள் தரையில் பேசாமல் இருந்தார்கள், அதுவரைக்கும் அவர்கள் செய்தது சரிதான் என்று. நான் சுகந்தியின் செத்தவீட்டில் இருந்தது பத்து நிமிடம்.

மண்ணெண்ணெய் இல்லாத காலமாதலால் பின்னேரத்தில்தான் வாசிக்க முடியும். நாலு மணிக்குப் போய்ச் சவிரிமுத்துவின் முற்றத்தில் நிலத்தில் உட்கார்ந்தேன். தன்னால் கேட்க ஏலாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அப்ப திரேசம்மாவுக்கு வாசிக்கிறேன் என்றேன். தொண்டையைக் குறைத்து வாசித்தேன். பிள்ளைகள் இருந்த வீடு காற்றில் விழுந்து எல்லோரும் செத்த இடம் முதல் அதிகாரத்திலேயே வருகிறது. அதை வாசிக்கும்போது நானே எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. திரேசம்மா சீலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். மூன்றாம் அதிகாரத்தில் யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். ஏன் பிறந்தேன், ஏன் அன்றே சாகவில்லை என்கிறான். அந்த இடத்தில் சவிரிமுத்து திரும்பினார்.

"இப்பிடியும் வேதத்தில கிடக்கோ?"

எந்த வரி என்று ஈர்க்கை வைத்துக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். விரலால் தொட்டுப் பார்த்தார். அன்றிலிருந்து முகத்தைக் காட்டி உட்கார்ந்தார்.

அடுத்த நாள் எலிப்பாசு வாய் திறந்தான். என் வசனம் வருகிறது என்று எனக்குத் தெரியும். வாசித்தேன். சவிரிமுத்து கையைத் தூக்கி நிறுத்தினார். அண்டைக்கு நீங்கள் வாசிச்சது இதுதானே என்றார். ஓம் என்றேன். இதைச் சொல்வது யார் என்று நான் கேட்டேன். கூட்டாளி, என்றார். பிறகு, கூட்டாளி சொன்னது சரியோ என்றார். இல்லை, இல்லை, பிழை என்று கத்த வேண்டும் போலிருந்தது. இன்னும் வாசிப்போம் சவிரி, பார்ப்போம் என்றேன். என் உபதேசியார் வாழ்க்கையில் நான் அடக்கிய ஒரே வார்த்தை அந்தப் 'பிழை'யாகத்தான் இருக்கும்.

ஒரு நாளைக்கு நாலு அதிகாரம் போனது. யோபு நூலை வாசித்தவர்களுக்குத் தெரியும், கூட்டாளிகள் மாறி மாறிச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். சவிரிமுத்துவுக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. இவங்களுக்கு வேறை வேலை இல்லையோ, வீட்டை போகச் சொல்லுங்கோ என்பார். யோபு பதில் சொல்லும்போது முழங்காலில் தட்டுவார். காணிக்காரர் கந்தையா வேலிக்கு அங்கால் மாட்டுக்குப் புல் செருக்குகிற சாக்கில் நின்று கேட்பார். ஒரு நாள் காய்ச்சலால் நான் போகவில்லை, அந்த யோபு மனிசனுக்குப் பிறகு என்ன நடந்தது என்று என் கொட்டிலுக்கே வந்து விசாரித்தார்.

கடவுள் பேசத் தொடங்கியது பத்தாம் பின்னேரம். கடலுக்குக் கதவு போட்டு அடைத்தது யார், இதற்கு மேல் வராதே என்று அலைக்குச் சொன்னது யார் என்று அவர் யோபுவைக் கேட்கிற இடம் வந்தது. அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார் சவிரிமுத்து. மூன்று தடவை வாசித்தேன். கடலை விட்டு வந்து ஒரு வருடமாகப் போகிறது. கண்ணைத் துடைக்காமல் இருந்தார். அதன் பிறகு கடலிலுள்ள பெரிய மிருகத்தைத் தூண்டில் போட்டு இழுப்பாயோ என்று கடவுள் கேட்கிற இடத்தில், எந்தத் தூண்டிலாலை, நூல் அறுந்துபோகும் என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அடுப்படிக் குசினிக்குள் நின்ற திரேசம்மா எட்டிப் பார்த்தார்.

பதினோராம் பின்னேரம் ஒரேயொரு அதிகாரம் மிச்சம், நாற்பத்திரண்டாவது. கடவுள் எலிப்பாசுவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். உன் மேலும் உன் கூட்டாளிகள் மேலும் கோபமாக இருக்கிறேன், என்னைப் பற்றி என் ஊழியன் யோபு பேசியதுபோல நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். நான் ஈர்க்கை நகர்த்தாமல் நிறுத்தினேன். சவிரிமுத்து தன்னுடைய விரலை ஈர்க்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"இது ஆர் சொல்லுறது?"

"கடவுள்."

"எலிப்பாசுவுக்கோ?"

"ஓம்."

விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். பிறகு வாசியுங்கள் என்று சைகை காட்டினார். யோபு உங்களுக்காக மன்றாடுவான், அவனுக்காக உங்களைத் தண்டிக்காமல் விடுவேன் என்று கடவுள் சொல்வதை வாசித்தேன். கடைசியில் யோபுவுக்கு மறுபடியும் ஏழு ஆண்களும் மூன்று பெண்களும் பிறந்ததையும், அந்தப் பெண்களின் பெயர்களையும் வாசித்து முடித்தேன். கதை நன்றாக முடிந்துவிட்டது என்று என் பழைய புத்தி சொன்னது. சவிரிமுத்து என் கையிலிருந்த ஈர்க்கை வாங்கிக்கொண்டார்.

"முதல் செத்த பிள்ளையளின்ரை பேர் எந்த வரியில கிடக்கு?"

புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை, ஆனாலும் முதல் அதிகாரத்துக்குப் போய்ப் பார்த்தேன். இல்லை. பத்துப் பேரில் ஒருவருடைய பெயரும் இல்லை. நிரப்பாதே என்ற சிஸ்ரரின் குரல் காதில் நின்றது. இல்லை சவிரி, எழுதியில்லை என்றேன்.

"எழுதியில்லாட்டி நாங்கள் சொல்லுவம்" என்றார் அவர். "சுகந்தி."

எழுந்து கொட்டிலின் பின்பக்கம் போனார். முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. ஈரக் கையோடு திரும்பி வந்து எனக்கு முன்னால் நின்றார். உபதேசியார், முழந்தாள்படியிடுங்கோ என்றார். எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது முழங்கால் தானாக மண்ணில் பட்டது. கந்தையா வேலியோரம் நிற்பது தெரிந்தது, வெட்கம் வரவில்லை. சவிரிமுத்து தன் கையை என் தலையில் வைத்தார். வலை இழுத்துக் காய்த்த கை.

"ஆண்டவரே, இந்த மனிசன் ஆர் சொன்னதெண்டு பாராமல் வாசிச்சுப்போட்டார். இவரோடை கோவியாதேங்கோ. சுகந்தியை வடிவா வைச்சிருங்கோ."

எத்தனையோ தலைகளில் நான் கை வைத்துச் செபித்திருக்கிறேன். என் தலையில் இன்னொருவருடைய கை இருந்தது அந்த ஒரு தடவைதான். அழுதேன். அவரும் அழுதார். திரேசம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார், சீனி இல்லை, பனங்கட்டித் துண்டு ஒன்றை இரண்டாகக் கடித்துக் குடித்தோம்.

மூன்றாம் நாள் காலையில் செபத்துக்கு மணியடிக்கப் போகும்போது பார்த்தேன், அவருடைய கொட்டிலின் முன் கப்பில் வலை இல்லை. மத்தியானம் சின்னவன் ஒரு யப்பான் மீனைச் செவுளில் ஓலை கோத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அப்பா தந்துவிட்டவர் என்றான்.

அந்தக் கொப்பியை எரித்துவிடத்தான் நினைத்தேன். சிஸ்ரர் விடவில்லை. ஒவ்வொரு வசனமாக எடுத்து, ஈர்க்கு வைத்துப் பின்னோக்கிப் போய், சொன்னவரின் பெயரை ஓரத்தில் எழுதச் சொன்னார். ஒரு நீலப் பென்சில் துண்டும் தந்தார். அந்த மாரி முழுவதும் அதுதான் வேலை. சில வசனங்களைச் சாத்தானே சொல்லியிருந்தான், அவற்றைக் கலியாண வீடுகளில்கூட வாசித்திருக்கிறேன். அவற்றை வெட்டினேன். செத்தவீட்டுப் பக்கத்துக்கு வந்தபோது எலிப்பாசுவின் வசனத்தை வெட்டவில்லை. இடப்பக்கத்து ஓரத்தில் சொன்னவர் பெயரை எழுதினேன். பிறகு, யாரும் சொல்லாமலே, அதன் வலப்பக்கத்தில் எனக்காக மன்றாடியவரின் பெயரையும் எழுதினேன்.

கைபேசியில் தேடினால் அந்தப் பெயர் வராது, நிரோஜினி. அது நாங்கள் கொண்டுவந்தது.